முதலில் உலர்த்தல், பிறகே ஃப்ரீசர்

ஜுருவில் விதையின் முதல் எதிரி காற்றில் இருக்கும் ஈரம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் இந்தப் பகுதியில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி செல்சியஸ் வரை போகும். இரவிலும் 24-க்குக் கீழே அதிகம் இறங்காது. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். விதை உயிருள்ள பொருள்; சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். தட்டில் திறந்து வைத்த அப்பளம் நமத்துப் போவதைப் போல, நன்றாகக் காய்ந்த பயறு விதையும் இந்தக் காற்றில் சில நாளிலேயே ஈரம் ஏறிவிடும். தமிழ்நாட்டில் கோடையில் கட்டி வைத்த விதை அடுத்த ஆடிப்பட்டம் வரை தாங்குகிறது, இங்கே மட்டும் ஏன் சீக்கிரம் முளைப்புத்திறன் போய்விடுகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

ஃப்ரீசரில் வைத்தால் தோட்ட விதை பத்து ஆண்டுக்கு மேலும் தாங்கும் என்று கேள்விப்பட்டுப் பலர் விதைப் பொட்டலத்தை அப்படியே ஐஸ் அறைக்குள் தள்ளிவிடுகிறார்கள். கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த ஆயுளில் பெரும்பங்கைத் தருவது உலர்த்தல். குளிர் அதன்மேல் சேர்ந்து பெருக்குகிறது. உலராத விதைக்கு ஃப்ரீசர் பாதுகாப்பு தராது, சாவைத்தான் தரும். அதனால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி உலர்த்தும் வேலைக்கே போகிறது. ஃப்ரீசரில் வைப்பது கடைசியில் வரும் எளிய படி.

ஏன் இந்த வரிசை

விதைச் சேமிப்பில் ஒரு பழைய கணக்கு உண்டு. அமெரிக்க விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்தது. விதையின் ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5.6 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரு மடங்காகும். ஈரம் 5 முதல் 14 விழுக்காட்டுக்குள்ளும் வெப்பம் 0 முதல் 50 டிகிரிக்குள்ளும் இருக்கும்போது பொருந்தும் உத்தேசக் கணக்கு இது. இருந்தாலும் எதில் முதலில் உழைக்க வேண்டும் என்பதைக் காட்ட இது போதும். 14 விழுக்காடு ஈரமுள்ள பயறு விதையை 7-க்கு இறக்கினால் ஆயுள் ஏழு முறை இரட்டிக்கும். அதாவது 128 மடங்கு. அதே விதையை உலர்த்தாமல் 30 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் நாலரை முறைதான் இரட்டிக்கும். ஏறத்தாழ 22 மடங்கு. மின்சாரம் கேட்காத வேலைதான் அதிகம் தருகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றை ஒன்று பெருக்கும். நீண்டகாலச் சேமிப்பின் அடிப்படை அதுதான்.

ஃப்ரீசர் என்றதும் இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஈரம் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் தாண்டிய விதைக்குள் உறையக்கூடிய நீர் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் அது பனிக்கட்டியாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். நன்கு உலர்ந்த விதையில் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் ஈரம் உறையும் நிலையிலேயே இல்லை. அதனால் அந்த விதைக்குக் குளிர் ஒன்றும் செய்யாது. ஜுரு வீட்டு வராந்தாவில் காயவைத்த பயறு, சோள விதைகள் இந்த 14, 15 விழுக்காட்டு எல்லையில்தான் வந்து நிற்கும். கைக்குக் காய்ந்ததாகத் தெரியும். ஃப்ரீசருக்கு அது ஈர விதை.

இதே வரிசையைத்தான் மரபணு வங்கிகளும் பின்பற்றுகின்றன. ஜுருவிலிருந்து வடக்கே கெப்பாலா பத்தாஸ் பக்கம், மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகத்தின் செபராங் பிறை நிலையத்தில் நாட்டின் நெல் மரபணு வங்கி இருக்கிறது. நம்மூர்க் காற்றைப் போன்ற காற்றுக்கு நடுவிலேயே ஆயிரக்கணக்கான நெல் வகைகளின் விதை அங்கே காக்கப்படுகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மரபணு வங்கித் தரநிலைகளும் முதலில் 5 முதல் 20 டிகிரி வெப்பத்தில், 10 முதல் 25 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் விதையை உலர்த்தச் சொல்கின்றன. அதற்குப் பிறகே காற்றுப் புகாமல் அடைத்து மைனஸ் 18 டிகிரியில் வைக்கச் சொல்கின்றன. 2008-இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகமும் அதே மைனஸ் 18-இல்தான் இயங்குகிறது. வீட்டு ஃப்ரீசரின் வழக்கமான அளவும் மைனஸ் 18 என்பது நமக்கு நல்ல வாய்ப்பு. அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது உலர்த்தும் அறை மட்டுமே. அந்தக் குறையை ஒரு கண்ணாடிப் போத்தலும் சிலிகா ஜெல்லும் தீர்த்துவிடும்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

1973-இல் ராபர்ட்ஸ் என்ற விதை அறிவியலாளர் விதைகளை இரு கூட்டமாகப் பிரித்தார்: உலர்த்தலையும் குளிரையும் தாங்குபவை ஒன்று, இரண்டையும் தாங்காதவை மற்றொன்று. இரண்டாவது கூட்டத்தைப் பற்றிய ஆய்வில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. செர்டாங்கில் இருந்த வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சின் ஹூங் ஃபோங், ராபர்ட்ஸோடு சேர்ந்து 1980-இல் அத்தகைய பயிர் விதைகளைப் பற்றி ஒரு நூலையே தொகுத்தார். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், ரப்பர், கோக்கோ என்று இந்த மண்ணின் முக்கிய மரங்கள் பலவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்பதால் அந்த ஆய்வு இங்கே வளர்ந்தது இயல்பே.

வீட்டுத் தோட்டத்துக்கு இதன் பொருள் எளிது. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, நீளப் பயறு, அவரை, பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பூசணி, கீரை வகைகள், கடுகு, சோளம், நெல் ஆகியவற்றை உலர்த்தி ஃப்ரீசரில் வைக்கலாம். வெங்காயமும் நிலக்கடலையும் இயல்பிலேயே ஆயுள் குறைந்த விதைகள். அவற்றுக்கு ஃப்ரீசர் இன்னும் அதிகமாக உதவும். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், பலா, செம்படாக், மா, தேங்காய் இவற்றை ஒருபோதும் உலர்த்தி உறைய வைக்கக் கூடாது. கறிவேப்பிலைப் பழத்தின் கொட்டையும் பழுத்த கையோடு மண்ணுக்குப் போக வேண்டியது. பப்பாளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஓரளவு உலர்த்தலைத் தாங்கும், உறைகுளிர் ஆபத்து, நிழலில் காயவைத்து விரைவில் விதைத்துவிடுங்கள். மரவள்ளி, இஞ்சி, மஞ்சள், சேனை போன்றவற்றுக்கு மண்ணே சேமிப்புக் கிடங்கு.

குறிப்பு: கடையில் வாங்கிய எஃப் 1 ஒட்டு விதையின் மிச்சத்தை ஃப்ரீசரில் காக்கலாம். ஆனால் அந்தச் செடியின் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது. அதைப் பத்தாண்டு காத்துப் பயனில்லை.

அறுவடை

பினாங்கில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் மழை கொட்டும். நீண்டகாலச் சேமிப்புக்கான விதையை முடிந்தவரை ஆண்டுத் தொடக்கத்தில் முற்றும்படி செடியை நட்டுக்கொள்ளுங்கள். சமையலுக்குப் பறிக்கும் பக்குவம் வேறு, விதைப் பக்குவம் வேறு. கத்தரி மஞ்சளாகிச் செம்பழுப்பாக மாறி மென்மையாக வேண்டும். வெண்டையும் நீளப் பயறும் செடியிலேயே காய்ந்து ஆட்டினால் கலகலக்க வேண்டும். பீர்க்கு எடை இழந்து பழுப்பு நாராக வேண்டும். மிளகாய் முழுச் சிவப்பாக வேண்டும். முற்றாத விதையை எத்தனை கவனமாக உலர்த்தினாலும் நீண்ட ஆயுள் கிடைக்காது. மழை விடாமல் பெய்தால் காய்ந்துவரும் கொடியை அறுத்துக் கூரைக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

தக்காளி விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பை நீக்க, சாறோடு ஒரு கிண்ணத்தில் புளிக்கவிட வேண்டும். குளிர் நாட்டு நூல்கள் மூன்று நாள் என்று எழுதுவதை இங்கே அப்படியே பின்பற்றாதீர்கள். நம் வெப்பத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை நாள் போதும். தாமதித்தால் விதை கிண்ணத்திலேயே முளைவிடத் தொடங்கும். பாகல் விதையின் சிவப்புச் சதையைக் கைகளால் தேய்த்துக் கழுவுங்கள். ஈர விதைகளைக் காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். பீங்கான் தட்டோ எஃகுத் தட்டோ நல்லது.

உலர்த்தல்: இரண்டு கட்டம்

காற்றில் உலர்த்தல் ஒரு கட்டம், அடைத்த போத்தலில் உலர்த்தல் மற்றொரு கட்டம். பலர் முதல் கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். மொட்டை வெயிலில் இரண்டு நாள் கூடுதலாகப் போட்டால் இரண்டாம் கட்டம் தேவையில்லையே என்று கேட்கலாம். வெயிலால் விதையின் வெப்பம் ஏறும், ஈரமும் ஓரளவு இறங்கும். ஆனால் மாலையில் காற்றின் ஈரப்பதம் 90-ஐத் தொடும்போது இழந்ததில் ஒரு பகுதி திரும்பிவிடும். அதோடு நண்பகலில் சிமெண்டுத் தரை 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஈர விதைக்கு அந்தச் சூடே ஆபத்து. 35 டிகிரியைத் தாண்டாத உலர்த்தலே பாதுகாப்பானது. எத்தனை நாள் வெளியில் வைத்தாலும், வெளிக்காற்றின் ஈரம் விடும் அளவுக்குக் கீழே விதை இறங்காது. அதற்குக் கீழே இறக்க, விதையைச் சுற்றி நாமே ஒரு வறண்ட காற்றை உண்டாக்க வேண்டும். போத்தலின் வேலை அதுதான்.

1. விதையை ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி, நிழலில், மின்விசிறிக் காற்றுபடும் இடத்தில் வையுங்கள். சிறு விதைகளுக்கு 4, 5 நாள். பயறு, பூசணி போன்றவற்றுக்கு 7 முதல் 10 நாள். நாளுக்கு இருமுறை புரட்டிவிடுங்கள். இரவில் தட்டை வெளியில் விடாதீர்கள். ஏர்கோன் ஓடும் அறை இருந்தால் இரவில் அங்கே வைப்பது நல்லது. அந்தக் காற்று வெளிக்காற்றைவிட வறண்டது.

2. சொத்தை, சுருங்கல், துளை விழுந்தவை, பூஞ்சை படிந்தவை எல்லாவற்றையும் பொறுக்கி நீக்குங்கள். விதைகளை எடைபோட்டு, மெல்லிய துணிப்பையிலோ காகித உறையிலோ போடுங்கள். ஒவ்வொரு உறைக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். மை ஈரத்தில் கலையும், பென்சில் கலையாது.

3. விதையின் எடைக்குச் சமமான எடையில் நிறம் மாறும் சிலிகா ஜெல் மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். உலர்ந்திருக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு. ஈரம் குடிக்கக் குடிக்க ஓரத்து மணிகள் முதலில் மங்கி, பிறகு மொத்தமும் கரும்பச்சையாகும். நீல நிற வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. நச்சுத்தன்மை உள்ள அதைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

4. இறுக்கமாக மூடும் கண்ணாடிப் போத்தலின் அடியில் மணிகளைக் கொட்டி, மேலே உறைகளை வைத்து மூடுங்கள். போத்தலில் பாதிக்கு மேல் வெற்றிடம் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாளில் மணிகள் நிறம் மாறினால் விதையிலிருந்து நிறைய ஈரம் வருகிறது என்று பொருள். உலர்ந்த மணிகளை மாற்றிப் போடுங்கள்.

5. சிறு விதைகளை 7, 8 நாளும் பெரிய விதைகளை இரண்டு வாரமும் வைத்திருங்கள். பயறு வகையை மட்டும் அளவுக்கு மேல் உலர்த்தாதீர்கள். 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மேல்தோல் கல்லாக இறுகி, பிறகு தண்ணீரை உள்ளே விடாது. மற்ற தோட்ட விதைகளுக்கு இந்தப் பயம் குறைவு.

6. பயன்படுத்திய மணிகளை 100 முதல் 120 டிகிரியில் ஓவனில் வைத்தால் ஆரஞ்சு நிறம் திரும்பும். சூடு ஆறுமுன் மூடிய போத்தலுக்குள் மாற்றிவிடுங்கள். இப்படிப் பலமுறை பயன்படுத்தலாம்.

சிலிகா ஜெல் கிடைக்காவிட்டால் அரிசி உதவும். பச்சரிசியைக் குறைந்த தீயில் பொன்னிறம் காணும் வரை வறுத்து, சூட்டோடு போத்தலில் அடைத்து, முழுவதும் ஆறிய பிறகு விதை உறையை உள்ளே வையுங்கள். விதையைப் போல் இரண்டு மடங்கு அரிசி வேண்டும். இரண்டு வாரம் பிடிக்கும். சிலிகா அளவுக்கு ஆழமாக உலர்த்தாது என்றாலும் வெறும் காற்றைவிட எவ்வளவோ மேல். செருப்புப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் கிடைக்கும் சின்னப் பொட்டலங்களை நம்பாதீர்கள். அவை நம் கைக்கு வரும் முன்பே ஈரம் குடித்து முடித்திருக்கும்.

போதுமான அளவு காய்ந்துவிட்டதா?

இதை ஊகிக்கவே கூடாது. மூன்று சோதனைகள் உண்டு. ஒன்று தவறினாலும் விதை போத்தலுக்குத் திரும்ப வேண்டும்.

முதலாவது உப்புச் சோதனை. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு விதையைப் போட்டு, வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்த்து மூடி, நன்றாகக் குலுக்கிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கண்ணாடியின் உட்சுவரில் உப்பு திட்டுத் திட்டாக ஒட்டினால் விதையின் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. சோளம், பயறு போன்ற தானியங்களுக்கான சோதனை இது. இதில் தேறிய விதை ஃப்ரீசரில் உடனே சாகாது என்று மட்டும் சொல்லலாம். பத்தாண்டு தாங்க இது போதாது.

இரண்டாவது முறிப்புச் சோதனை. பூசணி, பாகல், கத்தரி போன்ற தட்டை விதையை விரல்களுக்கிடையே வளையுங்கள். வளைந்து மடிந்தால் ஈரம் இருக்கிறது. டப்பென்று முறிந்தால் ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டது. பயற்றை அம்மிக்கல்லால் தட்டிப் பாருங்கள். நசுங்கித் தட்டையானால் மீண்டும் போத்தல். கண்ணாடி போலச் சிதறினால் சரி.

மூன்றாவதுதான் நம்பத் தகுந்தது. மலிவான டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை, சிலிகா இல்லாத போத்தலில் விதையோடு சேர்த்து அடைத்து ஒரு நாள் விடுங்கள். விதை தன்னைச் சுற்றியுள்ள அந்தச் சிறிய காற்றைத் தன் ஈரத்துக்கு ஏற்பக் கொண்டுவந்துவிடும். 30 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே காட்டினால் ஃப்ரீசருக்குத் தயார். 50 காட்டினால் இன்னும் ஒரு வாரம் சிலிகா வேண்டும்.

அடைத்தலும் ஃப்ரீசரில் வைத்தலும்

1. முதலில் முளைப்புச் சோதனை செய்யுங்கள். 20 விதையை ஈரத் துணியில் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பயிருக்கு ஏற்ப 5 முதல் 14 நாள் பாருங்கள். 17 முளைத்தால் 85 விழுக்காடு. சேமிக்கத் தகுந்த விதை. பாதிதான் முளைக்கிறது என்றால் அதை ஃப்ரீசரில் வைக்காமல் இந்த ஆண்டே விதைத்து நல்ல விதை எடுங்கள். குளிர் உள்ள தரத்தை நிறுத்தி வைக்கும். இல்லாத தரத்தைக் கொண்டுவராது.

2. ஒருமுறை விதைக்கத் தேவையான அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரியுங்கள். ஒரே பெரிய பொட்டலமாக வைத்தால் ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் திறக்க வேண்டியிருக்கும்.

3. பயிர், வகை, யாரிடமிருந்து வந்தது, அறுவடை மாதம், முளைப்பு விழுக்காடு இவற்றை உள்ளேயும் வெளியேயும் எழுதுங்கள்.

4. ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலிலோ அலுமினியப் படலம் கொண்ட தடித்த உறையிலோ அடையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் பை கண்ணுக்குத் தெரியாமல் ஈரத்தை உள்ளே விடும்; அதை உள்பையாக மட்டும் பயன்படுத்துங்கள். போத்தலுக்குள் நாலைந்து ஆரஞ்சு மணிகளைப் போட்டால் அடைப்பு கசிகிறதா என்று வெளியிலிருந்தே தெரியும்.

5. அடைத்த போத்தலை ஒரு டப்பாவுக்குள் வைத்து, ஃப்ரீசரின் பின்பக்க அடித்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் அவ்வப்போது சற்றுச் சூடேறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் உள்ளே எட்டாமல் டப்பா காக்கும். படுக்கைவாட்டுப் பெட்டி ஃப்ரீசர் இருந்தால் இன்னும் நல்லது.

6. ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு பொட்டலத்தை எடுத்து மீண்டும் முளைப்புப் பாருங்கள். முதல் எண்ணோடு ஒத்துப்போனால் உங்கள் உலர்த்தல் சரி. வெகுவாகக் குறைந்தால் மிச்ச விதையும் ஈரத்தோடு போயிருக்கிறது. உடனே வெளியே எடுத்து விதையுங்கள்.

மின்சாரம் போனால் பதற வேண்டாம். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை குளிரைப் பிடித்து வைக்கும். உலர்ந்து அடைத்த விதை ஓரிரு நாள் அறை வெப்பத்துக்கு வந்தாலும் அதற்குக் கேடில்லை. அந்த நேரத்தில் போத்தலைத் திறந்து பார்ப்பதுதான் கேடு.

எழும் மறுப்புகள்

நம் முன்னோர் சாம்பலும் வேப்பிலையும் சுரைக்குடுவையும் வைத்தே விதை காத்தார்களே, ஃப்ரீசர் எதற்கு என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. சாம்பல் ஈரம் உறிஞ்சும், வேப்பிலை பூச்சியை விரட்டும். இரண்டும் சரியான உத்திகள். ஆனால் அந்த ஏற்பாடு ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவம் வரை விதையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவே அமைந்தது. ஆண்டுதோறும் விதைக்க நிலம் இருந்ததால் அதற்கு மேல் தேவைப்படவில்லை. தோட்டப்புற லயன் வீடுகளுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி போட இடமிருந்த காலத்தில் இங்கேயும் அதுவே போதுமாக இருந்தது. தாமான் வரிசை வீட்டுக்கு முன்னால் எட்டுப் பத்து தொட்டி மட்டும் வைத்திருப்பவரால் நான்கு வகைக் கத்தரியை ஒரே ஆண்டில் நட முடியாது. அருகருகே நட்டால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பது இன்னொரு சிக்கல். ஆண்டுக்கு ஒரு வகை என்று முறைவைத்து நட்டால், நான்காவது வகையின் விதை நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஜுருவின் ஈரத்தில் சாம்பலால் அதைச் செய்ய முடியாது.

விதை வயலில்தான் வாழ வேண்டும், ஃப்ரீசரில் தூங்கும் விதை மாறும் மழைக்கும் வெயிலுக்கும் பழகாது என்ற மறுப்பு இதைவிட ஆழமானது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா அந்த எண்ணத்தின் செயல்வடிவம். விவசாயி 2 கிலோ விதை வாங்கிப் பயிரிட்டு அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவார். விதை ஒவ்வோர் ஆண்டும் மண்ணைப் பார்க்கும், ஒவ்வோர் ஆண்டும் பலர் கைக்குப் போகும். நிலமும் கூட்டமும் உள்ள இடத்தில் அதற்கு இணை வேறில்லை. ஆனாலும் ஒரு வெள்ளமோ நோயோ ஒரு பருவத்தையே அழித்தால் திரும்ப எடுக்க எங்காவது ஒரு பிடி விதை வேண்டும். சிரியாவின் அலெப்போவில் இருந்த விதை வங்கி போரால் கைக்கு எட்டாமல் போனபோது, ஸ்வால்பார்டில் வைத்திருந்த நகல் விதைகளை 2015-இல் எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்தார்கள். 2017-இல் புதிய விதையை மீண்டும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஃப்ரீசரும் மண்ணும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று கொள்ளாமல் இரண்டையும் வைத்துக்கொள்வதே சரி. மொத்த விதையையும் ஃப்ரீசரில் பூட்டாதீர்கள். ஒரு பங்கை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுத்து நடச் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜே போதாதா என்றால், இரண்டு மூன்று ஆண்டுக்குள் விதைக்கப் போகும் விதைக்குப் போதும். அதற்கும் இதே உலர்த்தலும் இதே அடைப்பும் வேண்டும். அடைக்காத விதைக்கு ஃப்ரிட்ஜ் மற்றோர் ஈர அறை.

பாதுகாப்பு

இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசிய கடை விதையில் பூஞ்சைக்கொல்லி இருக்கும். கையுறை போட்டுத் தொடுங்கள். உணவு வைக்கும் ஃப்ரீசரில் வைப்பதானால் கண்ணாடிப் போத்தலில் அடைத்து "உண்ணாதீர்" என்று பெரிதாக எழுதுங்கள். ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை விதைகள் உயிரைப் பறிக்கும் நஞ்சு. குழந்தைகள் திறக்கும் ஃப்ரீசரில் அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டாம். மிளகாய் விதை எடுக்கும்போது கையுறை அவசியம். விதை காயும் அறையில் விசிறி நேராக முகத்துக்கு வீசக் கூடாது. விதையை மைக்ரோவேவிலோ சூடான ஓவனிலோ ஒருபோதும் உலர்த்தாதீர்கள். ஓவன் சிலிகாவுக்கு மட்டும்.

ஊருக்குப் போய் வரும்போது பையில் விதை எடுத்து வருவது பலருக்கு வழக்கம். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை. வெறும் தாள் வேலை என்று இதை ஒதுக்க முடியாது. ஃப்ரீசர் குளிர் ஒரு வாரத்தில் பயறு வண்டையும் அதன் முட்டையையும் கொல்லும். ஆனால் விதையோடு வரும் வைரஸையும் பல பூஞ்சைகளையும் விதையைப் போலவே பத்திரமாகக் காத்துவிடும்.

வெளியே எடுத்து விதைத்தல்

1. விதைக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே போத்தலை எடுத்து, திறக்காமல் மேசைமேல் வையுங்கள். சில நிமிடத்தில் வெளிப்புறம் முழுதும் வியர்த்து நீர் வழியும். அந்த நீர் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும். அப்போதே திறந்தால் அதே வியர்வை விதைமேல் படியும். மிச்சத்தைத் திரும்ப வைக்கும்போது ஈர விதையை உறைய வைப்பவர் ஆவீர்கள். குறைந்தது 12 மணி நேரம், பெரிய போத்தலுக்கு ஒரு நாள் முழுதும் விடுங்கள்.

2. போத்தலைத் துடைத்துத் திறந்து, வேண்டிய பொட்டலத்தை மட்டும் எடுத்து உடனே மூடி, மிச்சத்தை ஃப்ரீசருக்குத் திருப்புங்கள். மழை பெய்யும் நாளில் இதைச் செய்யாதீர்கள்.

3. எடுத்த விதையை நேராகத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். மிக உலர்ந்த விதை தண்ணீரை ஒரேயடியாக இழுக்கும்போது உள்ளே வெடிப்பு விழும். பயறு வகையில் இது அதிகம். தட்டில் பரப்பி இரண்டு இரவு நம்மூர்க் காற்றில் விடுங்கள். சேமிப்புக்குப் பகையான அதே ஈரம் இந்த வேலையை மெதுவாகச் செய்துவிடும். பிறகு ஊறவைக்கலாம், அல்லது நேராக நடலாம்.

4. பொட்டலத்தில் பாதியை மட்டும் விதையுங்கள். நாற்று பிடிக்காமல் போனால், எலி தின்றுவிட்டால், மறுபாதி கையில் இருக்கும்.

5. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையிலும் 20 விதையைச் சோதியுங்கள். மரபணு வங்கிகள் தொடக்க முளைப்பில் 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதுமே புதிதாகப் பயிரிட்டு விதை எடுக்கின்றன. வீட்டில் 20-க்கு 12 என்று வரும்போதாவது அந்த வகைக்கு அடுத்த பருவத்தில் ஒரு தொட்டியை ஒதுக்குங்கள். அதில் எடுத்த புதிய விதையும் உலர்த்தல், உப்பு, முறிப்பு, ஈரப்பதமானி, முளைப்பு என்ற எல்லாப் படியையும் கடந்து ஃப்ரீசருக்குள் போன பிறகே பழைய பொட்டலத்தை அப்புறப்படுத்துங்கள்.